சுரைப் பந்தலுக்குக் கீழே

வீராசாமி பாம்புக்குப் பயப்படாதவன். பம்மலில் எங்கள் தெருவில் யார் வீட்டுக்குள் பாம்பு நுழைந்தாலும் முதல் போன் அவனுக்குத்தான் போகும். லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு கோணிப்பையும் நீளக் கம்பும் எடுத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி சிரித்துக்கொண்டே வருவான். அப்படிப்பட்டவன் இரண்டு வருடத்துக்கு முன்பு ஆனி மாதத்தில் ஒரு காலை, தன் மனைவி கையில் இருந்த மண்வெட்டியைப் பார்த்து நடுங்கினான். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

என் பெயர் மெர்வின். அவன் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு எனக்கு. இரண்டு பேரும் ஒரே தோல் கம்பெனியில் வேலை செய்தவர்கள். அவன் உள்ளே ஷேவிங் மெஷினில் நின்றான், நான் கேட்டில் டைம் கீப்பராக உட்கார்ந்திருந்தேன். கம்பெனியை மூடி இருபது வருடம் ஆகிறது. இன்றைக்கும் அவன் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறான், நான் அவனை டேய் வீரா என்கிறேன். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இதை எல்லாம் மாற்றிக்கொள்ள முடியாது.

அவன் மனைவி ரேணுகாம்பாள் மண்வெட்டியோடு நின்றது அவர்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில். அரை கிரவுண்டு. கோரையும் அருகம்புல்லும் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து கிடக்கும். தெருப் பிள்ளைகளின் கிரிக்கெட் பந்து அங்கே விழுந்தால் அதோடு அந்தப் பந்தை மறந்துவிட வேண்டியதுதான்.

"அண்ணா, இத எல்லாத்தையும் எடுத்துட்டு தோட்டம் போடப் போறேன். மருந்து ஒரு சொட்டு கெடையாது, கடை உரம் ஒரு பிடி கெடையாது. சாணி, இலை தழை, அவ்ளோதான்," என்றாள் என்னிடம்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெருவுக்கே தெரியும். மகன் மகேஷுக்குக் கல்யாணமாகி மூன்று வருடத்தில், மருமகள் மஹாவுக்கு இரண்டு முறை கரு தங்கி இரண்டு முறையும் கலைந்துவிட்டது. முதலாவது மூன்றாம் மாதத்தில், இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். அந்த இரண்டாவதுக்குப் பிறகு ரேணுகாம்பாள் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். கத்திரிக்காயில் விஷம், கீரையில் விஷம், திராட்சையில் விஷம் என்று அவள் பட்டியல் நீண்டுகொண்டே போனது. இனி இந்த வீட்டுக்குள் விஷம் நுழையக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். சமையலுக்குக்கூட போர்வெல் தண்ணீரை நிறுத்திவிட்டு கேன் தண்ணீருக்கு மாறினாள்.

"இன்னாத்துக்கு ஒனக்கு இந்த வேலை?" என்றான் வீராசாமி. "உள்ள பாம்பு கீது."

"கீதா? புடி. நீதான் ஊருக்கெல்லாம் புடிக்கிறியே."

"ஒண்ணு ரெண்டு இல்ல ரேணு. குடும்பமா கீது."

"குடும்பமா கீதா!" அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். "அப்போ நாளைக்கே புல்ல எடுத்தாவணும். மெஷின் வச்சி வெட்றவங்கள வரச் சொல்றேன்."

மறுநாள் இரண்டு ஆட்கள் வந்தார்கள். அவள் கையால் செய்திருந்தால் ஒரு மாதம் ஆகியிருக்கும் வேலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சொன்ன முதல் பொய் அப்படிப் போய் முடிந்தது. பாம்பு ஒன்றுகூட இல்லை. இரண்டு ஓணானும் பதினேழு பந்தும் கிடைத்தன.

அன்று சாயங்காலம் டீக்கடைக்கு வந்தவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

"சார், உங்களுக்கு ஞாபகம் கீதா?" என்றான்.

ஞாபகம் இல்லாமல் என்ன? ஷேவிங் மெஷின் என்பது பதனிட்ட தோலை ஒரே கனத்துக்குச் சீவித் தள்ளுவது. அதிலிருந்து சீவல் மழை மாதிரி கொட்டும். குரோம் என்கிற ரசாயனம் போட்ட தோல் என்பதால் சீவல் ஈரமாக, வெளிர் நீலமாக இருக்கும். கம்பெனிக்கு அதைக் கொட்ட இடம் இல்லை. எங்களுக்கோ ஏரிப் பக்கம் வாங்கிய மனையெல்லாம் பள்ளம். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். மேனேஜர் ஒரு நாள், வேண்டியவர்கள் இனாமாக எடுத்துப் போகலாம் என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்கு டிராக்டர் பிடித்தோம். எண்பத்தொன்பதில் வீராசாமி அந்த அரை கிரவுண்டில் இருபத்திரண்டு டிராக்டர் கொட்டினான். மேலே ஒரு அடி செம்மண் போட்டு மேடாக்கினான். அந்த வருட மழையில் தெருவிலேயே தண்ணீர் நிற்காத மனை அவனுடையது. எவ்வளவு பெருமை அவனுக்கு! அந்த இருபத்திரண்டு டிராக்டருக்கும் கேட் பாஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். 'கழிவு, இனாம்' என்று எழுதியிருந்தேன்.

என் வீட்டுக்கு எட்டு டிராக்டர் வந்தது. அதன் மேல்தான் என் கார் ஷெட் நிற்கிறது. கார் இன்றுவரை வாங்கவில்லை.

"மேல ஒரு அடி மண்ணு கிடக்கேடா," என்றேன். "கீரை வேர் எவ்வளவு தூரம் போகும்? நாலு விரல். பேசாமல் இரு."

இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று அப்படித்தான் சொன்னேன். அவன் பயம் எனக்கும் ஒட்டிக்கொள்ளும் போல இருந்தது, அதை உதறிவிட வேண்டும் என்றுதான் எனக்கு அவசரம்.

"வேலையில இருக்கச்ச இந்தக் கையாலதான சார் அள்ளினேன், ஒண்ணும் ஆவலியே," என்றான். பிறகு அவனே, "கையில புண்ணு வந்துகினே இருந்துச்சி. அது வேற," என்றான். டீ ஆறிப்போயிருந்தது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தான்.

ரேணுகாம்பாளின் வேலை ஜோராக நடந்தது. வெட்டிய புல்லை எரிக்கக் கூடாது என்றாள். கோரை மறுபடி முளைக்காமல் இருக்க, அயூப் பாய் மளிகைக் கடையிலிருந்து அட்டைப் பெட்டிகளை வாங்கி, பிரித்து, டேப்பை உரித்து, நனைத்துத் தரை முழுக்கப் பரப்பினாள். அதன் மேல் சாணி, அதன் மேல் வெட்டிய புல், அதன் மேல் காய்ந்த இலை. வெளிச்சம் படாமல் புல் தானாகச் செத்து மண்ணாகும் என்றாள். வாளியில் கோமியமும் வெல்லமும் கடலை மாவும் கரைத்து நொதிக்க விட்டாள். அந்த வாடைக்குத் தெரு முனையில் ஆட்டோ நிறுத்துகிறவர்கள் இடம் மாறிப் போனார்கள். ஆடியில் கீரை விதைத்தாள், சுரைக்கு மேடு கட்டினாள்.

ஒரு நாள் மண்ணைக் கிளறிக்கொண்டே, "அண்ணா, இவ்ளோ சாணி போட்டும் ஒரு மண்புழு வரலியே, ஏன்?" என்று என்னைக் கேட்டாள்.

நான் வீராசாமியைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

"வெயில் ஜாஸ்தி," என்றேன். ஆடி மாதம் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

ஆவணிக் கடைசியில் மஹா மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். அந்தச் செய்தியை அவர்கள் வீட்டில் வைத்துத்தான் கேட்டேன். ரேணுகாம்பாள் அழுதாள், சிரித்தாள், எனக்கு ஒரு தம்ளர் பாயசம் கொடுத்தாள். மஹாவின் தட்டில் அரைக்கீரைக் கடைசல். தோட்டத்தில் பறித்தது. மூன்று வாரமாக அவள் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வாயில் சோற்றை வைத்ததும் வீராசாமி எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டான். குமட்டும் சத்தம் கேட்டது.

"மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கல போல," என்று மஹா சிரித்தாள். மதுராந்தகத்துப் பெண். அதிர்ந்து பேசமாட்டாள்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் ஒரு பை. மெயின் ரோட்டில் கீரை விற்கிற அம்மாவிடம் வாங்கியது. அவன் திட்டம் இதுதான்: இனி தோட்டத்தில் பறிக்கிற வேலை அவனுடையது. பறித்ததைக் கறுப்புக் கவரில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, கடைக் கீரையைத் தோட்டத்துக் கீரை என்று ரேணுகாம்பாள் கையில் கொடுப்பான். ஆனால் கடைக் கீரையில் மருந்து இருக்குமே? அதற்குத்தான் என் வீடு. என் மனைவி புஷ்பலதாவின் பெரிய அன்னக்கூடையில் மஞ்சளும் உப்பும் கரைத்து அரை மணி நேரம் ஊற வைத்து, மூன்று தண்ணீரில் அலசி, வேரில் கொஞ்சம் மண்ணைப் பூசி எடுத்துப் போவான்.

"வீரா அண்ணா இன்னா பண்றாரு?" என்று புஷ்பலதா கேட்டாள்.

"பாவம் பண்ணிட்டு கழுவுறான்," என்றேன். சிரிப்பதற்காகச் சொன்னேன். எங்கள் மூன்று பேரில் யாரும் சிரிக்கவில்லை.

ரேணுகாம்பாளுக்கோ பெருமை பிடிபடவில்லை. "மனுசன் காலங்காத்தால தோட்டத்துலதான் இருக்கான்," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். மஹா, "அத்தை, கடைக் கீரைக்கும் நம்ம கீரைக்கும் எவ்ளோ டிஃபரன்ஸ்! இது அப்படியே இனிக்குது," என்றாள். கடைக் கீரையைத் தின்றுகொண்டே சொன்னாள். வீராசாமி அதைக் கேட்டு என்னிடம் வந்து, ஏதோ ஆஸ்பத்திரியில் நல்ல ரிப்போர்ட் வந்த மாதிரி ஒரு மணி நேரம் தெம்பாக இருந்தான்.

அதற்கு மேல் தெம்பு நிற்காது. அவனைத் தின்றுகொண்டிருந்தது கீரை மட்டும் இல்லை. அந்தப் போர். அந்த ஆழ்துளைக் கிணற்றை அதே மனையின் மூலையில்தான் போட்டிருந்தான். மஹா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டாவது கரு கலைகிற வரை அந்தத் தண்ணீரில்தான் சோறு பொங்கினார்கள். இதை அவன் அதுவரை என்னிடம் நேராகச் சொன்னதில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் சொன்னான். மனையின் மூலையில் ஒரு சாண் தண்ணீர் தேங்கியிருந்தது. நாங்கள் இருவரும் குடை பிடித்துக்கொண்டு நின்றோம்.

"தண்ணி பச்சையா கீதா சார்? நீலமா கீதா?"

"பாசிடா."

"இல்ல சார். நல்லாப் பாருங்க." என் கையைப் பிடித்தான். "கீரைய பத்திச் சொன்னா போர பத்திச் சொல்லணும். போர பத்திச் சொன்னா, மொத ரெண்டும் எப்படிப் போச்சின்னு அந்தப் பொண்ணு என்னத்தான சார் பாக்கும்? நான் இன்னா சொல்வேன்? நாந்தான் கொன்னேன்னு சொல்லவா, நான் கொல்லலன்னு சொல்லவா?"

என் மாடியிலும் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. அவர்களும் என் போர் தண்ணீரில்தான் சமைக்கிறார்கள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை, அவனிடமும் சரி, மாடியிலும் சரி.

மஹாவுக்கு மூன்றாம் மாதம் தாண்டியது. ஐந்தாம் மாதம் வந்தபோது வீராசாமி ஒவ்வொரு நாளையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தான். அவள் கொஞ்சம் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், இவன் முகம் வெளுத்துவிடும். ஆறாம் மாதமும் போனது. தையில் வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள்.

வளைகாப்புச் சாப்பாட்டில் ஒரு காய்கூட வெளியிலிருந்து வரக் கூடாது என்று ரேணுகாம்பாள் சொல்லிவிட்டாள். வெண்டையையும் கத்திரியையும் வீராசாமி மாற்றிவிடலாம். சுரைக்காயை மாற்ற முடியாது. பந்தலில் தொங்கிய ஒவ்வொரு சுரைக்காயின் முகமும் அவளுக்குத் தெரியும். அதில் ஒன்று, கை நீளத்துக்கு, வளைகாப்புக் கூட்டுக்கென்றே விட்டு வைத்தது. கண் படாமலிருக்க அதற்குக் கறுப்புக் கயிறு கட்டியிருந்தாள்.

அந்தப் பந்தலில்தான் எல்லாம் முடிந்தது. பந்தல் போட்டவன் வீராசாமி. கால் நடக் குழி இரண்டடி தோண்ட வேண்டும். அவன் அரையடிக்கு மேல் கடப்பாரையை இறக்கவில்லை. கேட்டதற்கு அடியில் பைப் போகிறது என்றான். அரையடிக் குழியில் நட்ட சவுக்குக் கால்கள் சுரைக்கொடி சின்னதாக இருந்தவரை நின்றன. வளைகாப்புக்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம், காய்களின் பாரம் தாங்காமல் பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

நல்ல வேளையாகக் காய் எதுவும் உடையவில்லை. ரேணுகாம்பாள் போட்ட கூச்சலில் நான் ஓடினேன். மகேஷ் லீவில் வீட்டில் இருந்தான். "அப்பா நட்டது அரை அடிகூட இல்ல. இதுல எப்படி நிக்கும்?" என்று கடப்பாரையை எடுத்து வந்தான். நான் பந்தலைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றேன். மஹா சமையலறைப் படியில் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன், வுடு," என்றான் வீராசாமி.

"நீங்க பாத்துதான் இப்படிக் கிடக்கு." மகேஷ் பழைய குழியிலேயே ஓங்கிக் குத்தினான். ஒரு தடவை. இரண்டு தடவை. செம்மண் தெறித்தது. மூன்றாவது தடவை அவன் கையை ஓங்கியபோது வீராசாமி தன் காலைக் கொண்டுபோய்க் குழிக்குள் வைத்தான்.

மகேஷ் எப்படித்தான் கடப்பாரையைத் திருப்பினானோ. அது அப்பன் பாதத்துக்கு ஒரு விரல் தள்ளி மண்ணில் இறங்கியது.

"அப்பா! பைத்தியமா உங்களுக்கு?"

"அங்க குத்தாதடா." வீராசாமி காலை எடுக்கவில்லை. "அங்க குத்தாத. கீழ தோல் கழிவு கீது. குரோம் சீவல். இருபத்திரண்டு டிராக்டர். நாந்தான் கொட்டினேன்."

ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. எண்பத்தொன்பதைச் சொன்னான். போரைச் சொன்னான். கடைக் கீரையை, அன்னக்கூடையை, வேரில் மண் பூசியதைச் சொன்னான். நடுவில் ஒரு முறை என்னைப் பார்த்தான். கேட் பாஸைப் பற்றி அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். பந்தல் கால் தோளை அழுத்துகிறது என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

ரேணுகாம்பாள் குனிந்து அவன் காலைக் குழியிலிருந்து தள்ளினாள். கையாலேயே தோண்டினாள். முழங்கை வரை போனதும் ஒரு பிடி எடுத்துக் காட்டினாள். முப்பத்து மூன்று வருடம் ஆகியும் மக்கவில்லை. ஊறிய காகிதம் மாதிரி, சாம்பலோடு கலந்த நீலம். இரண்டு அடி தள்ளி நின்ற எனக்கு அந்தப் பழைய கம்பெனி வாடை வந்தது.

"இந்தப் போர் தண்ணியிலதான சோறு ஆக்கினேன்," என்றாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மஹா படியிலிருந்து இறங்கி வந்தாள். அந்த நீலத்தைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

"மாமா, முதல் ரெண்டும் இதனாலதானா?"

வீராசாமி திட்டுக்குத் தயாராக இருந்தான், அடிக்குக்கூடத் தயாராக இருந்திருப்பான். அந்தக் கேள்வியை ஏழு மாதமாக அவனே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியலம்மா," என்றான். "சத்தியமா எனக்குத் தெரியலம்மா."

வளைகாப்பு நடந்தது. சுரைக்காய்க் கூட்டு இல்லை. சாப்பாடு கேட்டரிங்கில் வந்தது. வளையல் போட்ட கையோடு அன்று மத்தியானமே மஹாவை அவள் அம்மா மதுராந்தகத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். வீராசாமி வாசலில் நின்றான். கார் கதவு சாத்துகிறவரை அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வாரம் நானும் அவனும் மண்ணை எடுத்துக்கொண்டு ஒரு லேபுக்குப் போனோம். மேல் மண் ஒரு கவர், கீழ் மண் ஒரு கவர், போர் தண்ணீர் ஒரு பாட்டில். கவுண்டரில் இருந்த பெண், என்ன உலோகம் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். "குரோமியம்," என்றான் வீராசாமி. இருபத்தைந்து வருடம் குரோம் குரோம் என்று உப்பு புளி மாதிரி சொன்ன வாய், அன்று அந்தப் பெயரைச் சொல்லத் திக்கியது. நான் என் பையிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்து வைத்தேன். அவன் என்னைப் பார்த்தான். "என் போர்," என்றேன்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. கீழ் மண்ணில் இருக்க வேண்டியதைவிட எத்தனையோ மடங்கு. மேல் மண்ணில் அவ்வளவு இல்லை, ஆனாலும் கீரையும் கிழங்கும் போட வேண்டாம் என்றார்கள். இரண்டு வீட்டுப் போர் தண்ணீரையும் வாயில் வைக்க வேண்டாம் என்றார்கள். வீராசாமி அங்கிருந்த ஆபீசரிடம், மஹா கேட்ட அதே கேள்வியைக் கேட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதை எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது பெரியவரே," என்றார். நான் அன்றே மாடிக் குடித்தனக்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், கேட் பாஸ் உட்பட. அவர்கள் அந்த மாதமே காலி செய்தார்கள். ரேணுகாம்பாளிடமும் சொன்னேன். அதன் பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிட ஒரு வருடம் ஆயிற்று.

சித்திரையில் மஹாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. விரல்கள் பத்தும் பத்தும் இருக்கின்றனவா என்று வீராசாமி போனில் மகேஷிடம் மூன்று முறை கேட்டான். குழந்தையைப் பார்க்க அவன் மதுராந்தகத்துக்குப் போகவில்லை. அவர்கள் வரச் சொல்லவும் இல்லை. அந்த நாட்களில் அவன் செய்ததெல்லாம் தோட்டத்தை எடுத்ததுதான். சுரைக்கொடியை வெட்டினான், பந்தலைப் பிரித்தான். இரண்டு வாரத்தில் கோரை திரும்ப வந்துவிட்டது. மனையைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்தான், தெரு மாடுகூட அந்தப் புல்லில் வாய் வைக்கக் கூடாது என்று.

பிரசவத்துக்குப் பின் ஐந்தாம் மாதம் மஹா குழந்தையோடு திரும்பி வந்தாள். கூடவே ஒரு மினி லாரியில் இருபது மூட்டை மண் வந்தது. அவள் அப்பாவின் நிலத்து மண். மொட்டை மாடியில் தொட்டி வரிசையாக வைத்து அவளே கொட்டினாள். ரேணுகாம்பாள் விதை போட்டாள். வீராசாமியை யாரும் கூப்பிடவில்லை, யாரும் போ என்றும் சொல்லவில்லை. அவன் படியேறி மாடிக் கதவு வரை வருவான், அங்கேயே நிற்பான். மஹா அவனுக்குச் சோறு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். குழந்தையை மட்டும் அவன் மடியில் விட்டதில்லை. அவனும் கேட்டதில்லை. தன் கையையே சந்தேகத்தோடு பார்ப்பான், சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவுவான்.

போன சித்திரையில் குழந்தைக்கு முதல் பிறந்த நாள் முடிந்து பத்து நாள் இருக்கும். சாயங்காலம் நான் கொஞ்சம் தக்காளி வாங்கிப் போகலாம் என்று அவர்கள் மாடிக்குப் போயிருந்தேன். மஹா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வீராசாமி வழக்கம்போல் கதவருகே. குழந்தை தவழ்ந்து போய் ஒரு தொட்டியைப் பிடித்து எழுந்து நின்றது. ஒரு கை மண்ணை அள்ளியது. எல்லாக் குழந்தையும் செய்வதுதான். வாயில் போட்டுக்கொண்டது.

வீராசாமி கத்திய கத்தலை என்னால் எழுத முடியாது. பாய்ந்து போய்க் குழந்தையைத் தூக்கினான். விரலை விட்டு வாயைத் தோண்டினான். குழந்தை வீறிட்டது. அவன் விடவில்லை, மண் வர வர வழித்து வழித்து எறிந்தான், கண்ணீர் அவன் தாடையில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் குழந்தையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மஹா பக்கத்தில் வந்தாள். குழந்தையைப் பிடுங்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமா. அது தொட்டி மண்ணு. எங்க ஊரு மண்ணு."

"தெரியுமாம்மா?" என்றான். "நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும் மாமா. நான் என் கையால கொட்டினேன்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். குழந்தை அவன் மடியில் இருந்தது. அழுகையை நிறுத்திவிட்டு, மண் ஒட்டிய கையால் அவன் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மஹா அதை வாங்கவில்லை. தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போனாள்.